காய வைக்க ஓர் அலமாரி

தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்பமும் கலப்பு ஊடகக் கலையும் சொல்லிக்கொடுக்கிறவள். களிமண், கம்பி, அட்டை, நூல், துணி, கழித்துப்போட்ட சாமான் என்று கையில் கிடைப்பதை வைத்துப் பிழைப்பு நடத்துகிற ஆசிரியை. பல பள்ளிகளில் வேலை பார்த்தாயிற்று. உங்களைப் போன்ற பலருடைய அறை வாசலில் காத்திருந்தும் ஆயிற்று. இத்தனை வருடமும் நான் கேட்ட விதம்தான் தப்பு என்று இப்போது படுகிறது. "கலைக்குக் கொஞ்சம் முக்கியத்துவம் கொடுங்கள்" என்பேன். நீங்களும் "கண்டிப்பா, டீச்சர்" என்பீர்கள். அதோடு சரி. முக்கியத்துவத்தை எந்த பீரோவிலிருந்து எடுத்து யாரிடம் கொடுப்பது? அதனால் இந்த முறை பொருளாகவே கேட்கிறேன். எங்களுக்கு ஓர் அலமாரி வேண்டும். கூடவே, டைம்டேபிளில் அடுத்தடுத்து இரண்டு பீரியட்.

இதற்கா ஒரு திறந்த மடல் என்று சிரிப்பு வரலாம். கொஞ்சம் பொறுங்கள்.

படம் வரைகிற வகுப்பில் மணி அடித்தால் தாளை நோட்டுக்குள் வைத்து மூடிவிடலாம். பாதி செய்த களிமண் தலையை எதற்குள் வைத்து மூடுவது? களிமண்ணில் ஒரு தலை செய்ய ஒன்றாம் வகுப்புக்கே இரண்டு வாரம் ஆகும், நான்காம் வகுப்பு என்றால் மூன்று. நடுவில் ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தால்தான் அடுத்த வாரம் மண் கைக்கு வசப்படும். முடிந்த பிறகு மெதுவாகக் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்தால் மெல்லிய காது முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த தலை ஈரமாகவே இருக்கும், இரண்டும் சேருகிற இடத்தில் விரிசல் விடும். சூளையில் சுடப்போகிறோம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால், சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, போக வழியில்லாமல் தலையையே வெடிக்கவைத்துவிடும். பக்கத்தில் இருக்கிற தலைக்கும் சேதம். அதனால்தான் உள்ளே குடைந்து, சுவரின் தடிமன் ஒரு விரலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். காகிதக்கூழ் வேலையும் அப்படித்தான். இரண்டு அடுக்கு ஒட்டி, காயவிட்டு, அப்புறம் அடுத்த இரண்டு. ஈரத்தின் மேல் ஈரமாக அப்பினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

ஒரு பள்ளியில் இருபத்தெட்டுத் தலைகள் செய்திருந்தோம். இரண்டாம் வகுப்பு. ஆளுக்கொரு தலை, தங்கள் முகத்தைத் தாங்களே கையால் தடவிப் பார்த்துச் செய்தது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் ஓரத்தை விரலால் தேடிய பிள்ளைகள் இன்னும் நினைவில் இருக்கிறார்கள். மூக்கு கன்னத்தில் எங்கே முடிகிறது என்பது கண்ணாடியைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். தலைகளைக் காய வைக்க வேறு இடம் இல்லாமல் வகுப்பின் பின்பக்கம் பெஞ்சுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். அந்த வாரம் ஏதோ மேலிடப் பார்வை. பள்ளியே பளபளவென்று துடைக்கப்பட்டது. திங்கட்கிழமை நான் வந்தபோது செய்தித்தாளைக்கூடக் காணோம்.

பிள்ளைகள் அழுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அழவில்லை. ஒரு பெண் மட்டும் "குப்பைன்னு நெனச்சுட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். விசாரித்துத் தெரிந்துகொள்கிற தொனிதான், கோபம் இல்லை. அடுத்த மாதத்திலிருந்துதான் விளைவு தெரிந்தது. எந்த வேலை கொடுத்தாலும் "இத இன்னிக்கே முடிச்சிரலாமா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாமா?" என்ற கேள்வி முதலில் வந்தது. உருண்டை மேல் உருண்டை வைத்து அஞ்சே நிமிடத்தில் பொம்மை செய்து கொடுத்தார்கள். பள்ளியில் விட்டுவைத்தால் நாளைக்கு இருக்காது என்று தெரிந்த இடத்தில் யார்தான் மெனக்கெடுவார்கள்? துடைத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தரையில் கிடப்பது குப்பை, அலமாரியில் இருப்பது சாமான். அவர்கள் கணக்கு சரிதான்.

இனி பீரியட். நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மண் பிரித்துக் கொடுக்க, மேஜையில் துணி விரிக்க, சட்டைக் கையை மடித்துவிட எட்டு நிமிடம். முடிவில் கழுவித் துடைக்கப் பன்னிரண்டு. முப்பது பிள்ளைக்கு ஒரே குழாய் என்றால் பன்னிரண்டும் போதாது. மிச்சம் இருபது. இருபது நிமிடத்தில் ஆகக்கூடிய வேலை ஒன்றே ஒன்று: ஆசிரியை முன்னமே வெட்டிவைத்த அட்டையில் முன்னமே வெட்டிவைத்த கண்ணை ஒட்டுவது. பள்ளிச் சுவர்களில் ஒரே மாதிரி முப்பது ஆந்தைகள் வரிசையாகத் தொங்குவது ஆசிரியைகளுக்குக் கற்பனை வறட்சி என்பதால் இல்லை, டைம்டேபிள் அதற்குத்தான் இடம் கொடுக்கிறது. நானும் ஆந்தை ஒட்டவைத்தவள்தான். அதில் பிள்ளை முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. இடது கண்ணா வலது கண்ணா, எதை முதலில் ஒட்டுவது என்பதைத் தவிர.

இரண்டு பீரியட் சேர்ந்து கிடைத்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் யானை செய்துகொண்டிருந்தான். நல்ல கொழுத்த உடம்பு, பென்சில் மாதிரி நான்கு கால். நிறுத்தினான், உட்கார்ந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த வேலையிலேயே கஷ்டமான வித்தை அதுதான். விரல் தானாக நீளும். கால்களைப் பிய்த்தெடுத்துத் தடிமனாக வைத்தான். இப்போது கால் நின்றது, மண் ஈரம் அதிகமானதால் வயிறு தொங்கித் தரை தொட்டது. "படுத்திருக்கிற யானைன்னு சொல்லிரவா?" என்றான். சொல்லேன் என்றேன். ஆனால் அவனுக்கே அது பிடிக்கவில்லை போல. கொஞ்ச நேரம் மண்ணை வெறும் பலகையில் வைத்துப் பதம் பார்த்தான், ஈரத்தைப் பலகை உறிஞ்சட்டும் என்று. மறுபடி நிறுத்தியபோது முன்பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று தும்பிக்கையை நீட்டி, கீழே கொண்டுவந்து தரையில் ஊன்றினான். நின்றுவிட்டது. "தண்ணி குடிக்குது டீச்சர்."

வெண்கலத்தில் வார்த்த கிரேக்கச் சிலைகளை ரோமானியர்கள் பளிங்கில் நகலெடுத்தபோது அவர்களுக்கும் இதே தொல்லை வந்தது. வெண்கலத்தை உள்ளே பொள்ளலாக வார்க்கலாம், மெலிந்த கணுக்காலும் தாங்கும். பளிங்கு கனம், ஆனால் எளிதில் முறிந்துவிடும். அதனால் காலோடு ஒட்டி ஒரு அடிமரத்தைச் செதுக்கி நிறுத்தினார்கள். பழைய பளிங்குச் சிலைகளின் படத்தைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாமல் ஒரு மரத்துண்டு நிற்கும். என் பையன் அந்த அடிமரத்தைத் தும்பிக்கையாக்கிவிட்டான். வகுப்பு தொடங்கி அப்போது அறுபது நிமிடம் கடந்திருந்தது. ஒற்றை பீரியடாக இருந்தால் படுத்த யானையோடு முடிந்திருக்கும்.

கை வழியாகக் கிடைக்கிற இந்த அறிவை யாரும் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840-இல் வைத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், களிமண் பிசைவதையும் ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகிக் கூடு கட்டுவதையும் பிள்ளைகளின் அன்றாட வேலையாக வைத்திருந்தார். ஜியோடெசிக் குவிமாடங்களால், அதாவது சின்னச் சின்னச் சட்டங்களைக் கோத்துக் கட்டுகிற அரைக்கோளக் கூரைகளால், பேர் பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், தன் கிண்டர்கார்டன் வகுப்பில் அந்தப் பட்டாணியும் குச்சியும் வைத்து விளையாடியதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சிறுவயதில் பார்வைக் குறைபாடு. கூடப் படித்தவர்கள் கண்ணால் பார்த்த வீடுகளைப் போலச் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். இவர் கையால் அழுத்திப் பார்த்து, எது ஆடாமல் நிற்கிறதோ அதைக் கட்டினார். அது முக்கோணம்.

என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது இணைப்புகளுக்குத்தான். வர்ணம், அலங்காரம் எல்லாம் பிள்ளைகளுக்குத் தானாக வரும். இணைப்பு வராது. என் முதல் வருடத்தில் இது எனக்கே தெரியவில்லை. பிளாஸ்டிக் பாட்டில்மேல் உலோக மூடிகளை வெள்ளைப் பசையால் ஒட்டவைத்து ஒரு ரோபோ செய்யச் சொன்னேன். வகுப்பில் பிரமாதமாக நின்றன. வெள்ளைப் பசை தாள், அட்டை, துணி, மரம் ஆகியவற்றின் நாருக்குள் இறங்கித்தான் பிடிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் இறங்க இடம் ஏது? வீடு போய்ச் சேர்வதற்குள் வழியெல்லாம் மூடிகள். மறுநாள் ஒரு தாய் பை நிறைய உதிரி பாகங்களோடு வந்து, "இது என்னன்னு சொன்னீங்கன்னா நானாவது சேர்த்துக் கொடுப்பேன்" என்றார்.

அன்றிலிருந்து பசைக்கு முன்னால் கட்டுவதைக் கற்றுக்கொடுக்கிறேன். நூலால் கட்டு, கம்பியால் சுற்று, துளைபோட்டுத் தை, அட்டையில் பிளவு வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகு. நெளி அட்டையில் உள்ளே நெளிவு ஓடுகிற திசையோடு மடித்தால் ஒழுங்காக மடியும், குறுக்கே மடித்தால் முறுக்கிக்கொண்டு நசுங்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பிள்ளைகள் அட்டையைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். களிமண்ணில் இரண்டு துண்டைச் சேர்க்க இரண்டு பரப்பையும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நடுவில் கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி, அழுத்தி, ஓரத்தை விரலால் இழுத்து மூட வேண்டும். வெறுமனே அழுத்தினால் காயும்போது காது கழன்று விழும். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கிழித்து ஒட்டினால் நார் பிரிந்த ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்து மேடு தெரியாமல் படியும். இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனால் இதில் ஒவ்வொன்றும் பிள்ளை செய்து, காத்திருந்து, மறுவாரம் வந்து பார்த்தால்தான் புரிகிற விஷயம். விழுந்த காதை அலமாரியில் பார்த்தவனுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒரே மண்ணைக் கொடுத்தாலும் பிள்ளைகள் இரண்டு விதமாகப் போவார்கள். சிலர் முழு உருண்டையிலிருந்து கையையும் காலையும் இழுத்தெடுப்பார்கள். சிலர் கை தனி, கால் தனி என்று உருட்டி வைத்துக்கொண்டு கடைசியில் சேர்ப்பார்கள். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளோடு வேலை செய்து, பிறகு அமெரிக்காவில் கலைக் கல்விப் பேராசிரியராக இருந்த விக்டர் லோவன்ஃபெல்ட் இந்த இரண்டையும் தனித்தனிச் சிந்தனை முறைகளாகப் பார்த்தார்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளையை மாற்றக்கூடாது என்றார். நாம் "எல்லாரும் முதலில் உருண்டை பிடிங்க, இப்போ நாலு கால் செய்ங்க" என்று படிப்படியாக ஓட்டும்போது வகுப்பில் ஒரு பாதியின் கையை முறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

கலப்பு ஊடகம் என்ற பெயரைக் கேட்டதும் "ஓ, கழிவுப் பொருள் கைவினையா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். கோபப்படவில்லை. கழிவு என்பது பொருள் வந்த வழி, அவ்வளவுதான். பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா 1881-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த சிறு நடனக்காரியின் சிலை மெழுகில் செய்தது. அதற்கு உண்மையான துணிப் பாவாடை, தலையில் உண்மையான முடி, அதைக் கட்ட ஒரு ரிப்பன். பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். பின்னாளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது சிலைக்கு உள்ளே தூரிகைகளும் இருந்தன, மெழுகைத் தாங்கும் எலும்பாக. இதைச் சொன்ன அன்று என் நான்காம் வகுப்பு முழுக்கத் தங்கள் பழைய பிரஷ்களைக் கொண்டுவந்துவிட்டது. பிக்காசோ 1912-இல் அட்டை, நூல், கம்பி வைத்து ஒரு கிட்டார் செய்தார். 1942-இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து மாட்டுத்தலை ஆக்கினார். அந்தப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் முதலில் மாட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் சைக்கிளைப் பார்ப்பார்கள், அப்புறம் மறுபடி மாட்டைப் பார்க்க முயல்வார்கள். அந்த மூன்றாவது பார்வைக்குத்தான் நான் வகுப்பு எடுக்கிறேன்.

போன மாதம் "மனுஷன் இல்லாத ஒருத்தருக்கு வீடு கட்டு" என்று வேலை கொடுத்தேன். எறும்பு, பாம்பு, பேய் எல்லாம் வந்தன. ஒரு சிறுமி விழுந்த பல்லுக்கு வீடு கட்டினாள். தீப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தை. வாசலில் பழைய ஜிப், அது திறந்து மூடுகிறது. வெளியே கம்பியை வளைத்து ஓர் ஏணி, தீப்பெட்டியைவிட மூன்று மடங்கு உயரம். "இவ்வளவு பெரிய ஏணி எதுக்கு?" என்றேன். "திரும்ப வாய்க்கு ஏறிப் போகணும்னா?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. ஏணியின் கனத்தில் வீடு சாய்ந்துகொண்டே இருக்கிறது. அடியில் எதை வைத்துக் கனம் கூட்டுவது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டும். கம்பி நுனியை மடித்துத்தான் கொடுக்கிறேன். கட்டர் கத்தி என் கையை விட்டுப் போகாது. சூடான பசைத் துப்பாக்கியும் அப்படியே. காய்ந்த மண் தூசியில் நுரையீரலுக்குக் கெடுதலான சிலிக்கா இருப்பதால் விளக்குமாறு போடுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை நேராக முக்கி அச்செடுப்பது என் வகுப்பில் கிடையவே கிடையாது. அது இறுகும்போது சூடேறும், கெட்டியாகப் போட்டால் 60 டிகிரி வரைகூடப் போகும், அதற்குள் இறுகியும்விடும், கையை எடுக்க முடியாது. 2007-இல் இங்கிலாந்தில் 16 வயது மாணவி ஒருத்தி பள்ளி வகுப்பில் இப்படிக் கையை முக்கி, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். ஆண்டுவிழாவுக்கு "எல்லாப் பிள்ளைகளின் கை அச்சும்" என்ற யோசனையோடு யாராவது வந்தால், களிமண்ணில் கையை அழுத்தி, கையை எடுத்த பிறகு அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றச் சொல்லுங்கள். அச்சு இன்னும் அழகாகவே வரும்.

ஆண்டுவிழா என்றதும் கண்காட்சி. இதில் மட்டும் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஆசிரியைகள் உட்கார்ந்து பிள்ளைகளின் வேலையைத் "திருத்துகிறோம்". கோணல் மூக்கு நேராகும், விட்டுப்போன வர்ணம் ஏறும், சில சமயம் முழுசாகப் புதிதாகவே செய்துவிடுவதும் உண்டு. மறுநாள் பெற்றோர் பாராட்டுவார்கள், பிள்ளை தன் பெயர் எழுதிய அட்டைக்கு முன்னால் நின்று அது யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்கும். நான் இதைச் செய்திருக்கிறேன். அந்தப் பார்வையையும் பார்த்திருக்கிறேன். மேஜையில் உடைந்ததும் சாய்ந்ததும் பாதியில் நிற்பதும் இருக்கட்டும். பக்கத்தில் "இது மூன்று தடவை விழுந்தது" என்று பிள்ளையே எழுதி வைக்கட்டும். பெற்றோர் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அலமாரியின் விவரம் இதுதான். கதவு வேண்டாம், காற்றுப் போக வேண்டும். தட்டுகளுக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி, யானை நிற்கிற அளவு. கீழ்த்தட்டு பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும், தங்கள் வேலையை அவர்களே எடுக்கவும் வைக்கவும். புதிது வேண்டாம். நூலகம் கழித்துவிட்ட பழைய புத்தக அடுக்கு எங்காவது இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்தால்கூடப் பரவாயில்லை, சரிபண்ண என்னிடம் ஆள் இருக்கிறது, நான்காம் வகுப்பு. இரண்டு பீரியட் வாரம் முழுக்க வேண்டியதில்லை. இப்போது வாரத்துக்கு ஒன்று என்று இருப்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டாகச் சேர்த்துக் கொடுத்தால் போதும். யாருடைய கணக்குப் பீரியடும் குறையாது.

இப்போது நான் இருக்கிற பள்ளியில் அந்தப் பல் வீடு ஜன்னல் திட்டில் இருக்கிறது. ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அந்தச் சிறுமிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். போவதற்கு முன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வீட்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்: "யாரும் எடுக்காதீங்க. இன்னும் முடியல."

அன்புடன்,
உங்கள் பள்ளிகளில் சிற்பம் சொல்லிக்கொடுக்கிற ஓர் ஆசிரியை